துருக்கியின் ஐரோப்பிய ஒன்றிய விண்ணப்பத்தை முடித்துவிடலாமா?

2018 ஜூன் 26 அன்று ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் அமைச்சர்கள் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். துருக்கியை உறுப்பினராகச் சேர்ப்பதற்கான பேச்சுவார்த்தை நடைமுறையில் நின்றுபோய்விட்டது, இனி பேச்சுவார்த்தையின் எந்த அத்தியாயத்தையும் (தலைப்புவாரியாகப் பிரித்த சட்டத் தொகுதியையும்) புதிதாகத் திறக்கவோ முடிக்கவோ முடியாது என்று அதில் இருந்தது. ஆனால் பேச்சுவார்த்தையை ரத்து செய்கிறோம் என்று அவர்கள் அறிவிக்கவில்லை. அதனால் துருக்கி இன்றும் ஒன்றியத்தின் வேட்பாளர் நாடுதான். ஆண்டுதோறும் அதன் மீது ஓர் அறிக்கை வருகிறது, ஆண்டுதோறும் முன்னேற்றம் இல்லை என்று அதில் எழுதுகிறார்கள்.

இப்படி ஓடாமலும் முடியாமலும் கிடக்கும் ஒன்றை முறைப்படி முடித்துவிட்டால் என்ன? ஐரோப்பாவில் இந்தக் கேள்வி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எழும். ஜெர்மனியின் அங்கேலா மெர்கல் 2017 தேர்தல் விவாதத்தில் இதை எழுப்பினார். ஆஸ்திரியாவின் முன்னாள் பிரதமர் செபாஸ்டியன் குர்ஸ் பலமுறை வலியுறுத்தினார். ஐரோப்பிய நாடாளுமன்றம் தீர்மானமே போட்டது. ஆனாலும் யாரும் முடிக்கவில்லை. ஏன் என்று புரிய வேண்டுமானால், ஒரு நாடு ஒன்றியத்தில் சேர்வது எப்படி என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

சேர்வது எப்படி

ஒன்றியத்தின் அடிப்படை ஒப்பந்தத்தில் 49-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. ஜனநாயகம், சட்டத்தின் ஆட்சி, மனித உரிமை போன்ற விழுமியங்களை மதிக்கும் எந்த ஐரோப்பிய நாடும் விண்ணப்பிக்கலாம் என்கிறது அது. 'ஐரோப்பிய' என்ற சொல் அங்கே சும்மா இல்லை. 1987-இல் மொராக்கோ விண்ணப்பித்தபோது, நீங்கள் ஐரோப்பிய நாடு இல்லையே என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் துருக்கியும் விண்ணப்பித்தது. அதற்கு அப்படிப் பதில் வரவில்லை. 1989-இல் வந்த பதில், இப்போது வேண்டாம் என்பது மட்டும்தான். ஆக, துருக்கி ஐரோப்பாவில் சேருமா சேராதா என்று நாம் அடிக்கடி கேட்கும் நிலவியல் வாதம், சட்டப்படி அன்றைக்கே தீர்ந்துபோன விஷயம்.

விண்ணப்பத்தை ஏற்றதும் வேட்பாளர் தகுதி தருகிறார்கள். அதற்கு எல்லா உறுப்பு நாடுகளின் சம்மதமும் வேண்டும். அப்புறம் பேச்சுவார்த்தை. பேச்சுவார்த்தை என்ற சொல்லைக் கேட்டதும் இரண்டு தரப்பும் விட்டுக்கொடுத்துப் பேரம் பேசுவார்கள் என்று தோன்றும். உண்மையில் பேரத்துக்குப் பெரிய இடமில்லை. ஒன்றியத்தின் சட்டங்கள் முழுவதையும் 35 அத்தியாயங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். மீன்பிடிக்கு ஒன்று, போக்குவரத்துக்கு ஒன்று, உணவுப் பாதுகாப்புக்கு ஒன்று, நீதித்துறைக்கு ஒன்று என்று போகும். வேட்பாளர் நாடு அந்தச் சட்டங்களைத் தன் நாட்டில் கொண்டுவர வேண்டும், கொண்டுவந்ததை நடைமுறைப்படுத்திக் காட்ட வேண்டும். எப்போதைக்குள் செய்யப்போகிறீர்கள் என்பதில் மட்டும் கொஞ்சம் பேசலாம்.

ஓர் அத்தியாயத்தைத் திறக்க எல்லா உறுப்பு நாடுகளும் ஒப்ப வேண்டும். முடிக்கவும் எல்லோரும் ஒப்ப வேண்டும். ஒரே ஒரு நாடு கையை உயர்த்தி மறுத்தால் அங்கேயே நின்றுவிடும். துருக்கியின் கதையில் பாதி இந்த விதிக்குள் அடக்கம். 35 அத்தியாயங்களில் இதுவரை திறக்கப்பட்டவை 16. முடிக்கப்பட்டது ஒன்றே ஒன்று, அறிவியலும் ஆராய்ச்சியும். அதுவும் 2006 ஜூனில், தற்காலிகமாக. கடைசியாக ஓர் அத்தியாயம் திறக்கப்பட்டது 2016 ஜூனில்.

இடையில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. நேட்டோ வேறு, ஐரோப்பிய கவுன்சில் வேறு, ஐரோப்பிய ஒன்றியம் வேறு. நேட்டோ ராணுவக் கூட்டணி. துருக்கி அதில் 1952 முதல் உறுப்பினர். ஐரோப்பிய கவுன்சில் 46 நாடுகள் கொண்ட மனித உரிமை அமைப்பு. ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அதனுடையது. துருக்கி அதிலும் ஆரம்ப காலத்திலிருந்தே இருக்கிறது. துருக்கி கதவைத் தட்டிக்கொண்டிருப்பது மூன்றாவதான ஒன்றியத்தில்தான்.

கதவு திறந்திருந்தபோது

உறவு பழையது. 1963 செப்டம்பரில் துருக்கித் தலைநகர் அங்காராவில் கையெழுத்தான ஒப்பந்தமே, பிற்காலத்தில் உறுப்பினராகும் வாய்ப்பைப் பற்றிப் பேசுகிறது. அப்புறம் ராணுவப் புரட்சிகள், 1974-இல் சைப்ரஸில் படையெடுப்பு, மறுபடி 1980-இல் ராணுவ ஆட்சி. 1987-இல் பிரதமர் துர்குத் ஓசால் காலத்தில் விண்ணப்பம். 1996 தொடக்கத்திலிருந்து சுங்க ஒன்றியம், அதாவது தொழிற்சாலைப் பொருள்களுக்கு இரு தரப்புக்கும் இடையே சுங்க வரி இல்லை. 1997-இல் லக்சம்பர்க் மாநாட்டில் வேட்பாளர் பட்டியலில் இடமில்லை. 1999 டிசம்பரில் ஹெல்சிங்கி மாநாட்டில் இடம் கிடைத்தது.

அடுத்த ஐந்தாண்டுகளில் நடந்ததை நிதானமாகப் பார்க்க வேண்டும். வேட்பாளர் தகுதி என்பது வெறும் காகிதமா, இல்லை அதற்கு நிஜமான பலம் உண்டா என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது.

1999 பிப்ரவரியில் குர்திஷ் ஆயுதப் போராட்டத்தின் தலைவர் அப்துல்லா ஓசலான் கென்யாவில் பிடிபட்டார். ஜூனில் அவருக்கு மரண தண்டனை விதித்தார்கள். பல ஆண்டுப் போரில் பல்லாயிரம் பேரை இழந்த நாடு அது. தூக்கில் போடு என்ற குரல் தெருவெங்கும் கேட்டது. ஆட்சிக் கூட்டணிக்குள்ளேயே தேசியவாதக் கட்சி அதைக் கேட்டது. ஆனால் மரண தண்டனை உள்ள நாட்டுக்கு ஒன்றியத்தில் இடம் கிடையாது. ஹெல்சிங்கியில் வேட்பாளர் தகுதி கிடைத்த சில வாரங்களிலேயே, ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம் வழக்கை விசாரிக்கும் வரை காத்திருக்கலாம் என்று அரசு முடிவெடுத்தது. 2002 ஆகஸ்டில், கூட்டணிக்குள் இருந்த அந்தத் தேசியவாதக் கட்சியின் எதிர்ப்பையும் மீறி, அமைதிக்கால மரண தண்டனையை நாடாளுமன்றம் ஒழித்தது. அதே சட்டத் தொகுப்பில் குர்திஷ் மொழியில் ஒலிபரப்பவும் மொழி வகுப்பு நடத்தவும் வழி செய்தார்கள். ஓசலானின் தண்டனை ஆயுள் தண்டனையானது.

2004-இல் மரண தண்டனை முற்றாக நீங்கியது. அதே ஆண்டு, நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தபோது கைதாகிப் பத்தாண்டு சிறையில் இருந்த லெய்லா சானா விடுதலையானார். அரசுக்கு மேல் அரசாக இருந்த தேசியப் பாதுகாப்பு மன்றத்தின் செயலாளர் பதவி ராணுவத்திடமிருந்து சிவில் அதிகாரி ஒருவரிடம் போனது. இதையெல்லாம் எந்த ஐரோப்பியப் படையும் வந்து செய்யவில்லை. துருக்கியின் வழக்கறிஞர்களும் பத்திரிகையாளர்களும் தொழிற்சங்கத்தினரும் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்தவைதான் இவை. ஐரோப்பாவில் சேர வேண்டுமானால் இதைச் செய்தாக வேண்டும் என்ற ஒரு வாதம் அவர்கள் கையில் கூடுதலாகக் கிடைத்தது, அவ்வளவுதான். அந்த ஒரு வாதம் போதுமானதாக இருந்தது.

பேச்சுவார்த்தை தொடங்கிய நாளும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது. 2005 அக்டோபர் 3. லக்சம்பர்க்கில் வெளியுறவு அமைச்சர்கள் கூடியிருக்கிறார்கள். ஆஸ்திரியா மட்டும் முரண்டு பிடிக்கிறது: முழு உறுப்பினர் என்று மட்டும் எழுதாதீர்கள், அதற்குக் குறைவான மாற்று உறவும் உண்டு என்று சேர்த்து எழுதுங்கள் என்கிறது. வாசகம் தங்களுக்கு ஏற்புடையதாக வராமல் விமானம் ஏறமாட்டேன் என்று துருக்கி வெளியுறவு அமைச்சர் அப்துல்லா குல் அங்காராவில் காத்திருக்கிறார். மாலை ஆனபிறகுதான் உடன்பாடு வந்தது. அவர் பறந்து வந்து சேரும்போது லக்சம்பர்க்கில் நள்ளிரவு தாண்டிவிட்டது. கூட்டத்துக்குத் தலைமை வகித்த பிரிட்டன் அமைச்சர் ஜாக் ஸ்ட்ராவின் ஊர் நேரப்படி இன்னும் அக்டோபர் 3 முடியவில்லை என்பதால் நாள் தவறாமல் சடங்கு நடந்தேறியது.

அன்று ஏற்றுக்கொண்ட வாசகத்தில், பேச்சுவார்த்தையின் நோக்கம் உறுப்பினராவதுதான், ஆனால் அதன் முடிவை முன்கூட்டியே உறுதி சொல்ல முடியாது என்று எழுதியிருந்தார்கள். அதே இரவில் குரோஷியாவுக்கும் பேச்சுவார்த்தை தொடங்கியது. குரோஷியா 2013 ஜூலையில் உறுப்பினராகிவிட்டது.

எங்கே நின்றது

முதல் முட்டுக்கட்டை சைப்ரஸ். தீவின் வடக்கில் துருக்கியப் படை, தெற்கில் உலக நாடுகள் அங்கீகரித்த அரசு. 2004 ஏப்ரலில் ஐநா செயலாளர் கோபி அன்னானின் இணைப்புத் திட்டத்தை இரு பக்கமும் வாக்கெடுப்புக்கு விட்டார்கள். துருக்கிய சைப்ரஸ் மக்களில் 65 சதவீதம் ஆம் என்றார்கள். கிரேக்க சைப்ரஸ் மக்களில் 76 சதவீதம் வேண்டாம் என்றார்கள். வேண்டாம் என்று சொன்ன பகுதி ஒரு வாரத்தில், மே 1 அன்று, ஒன்றியத்தின் உறுப்பினரானது. உடன்பட்ட பகுதி வெளியே நின்றது. தீவின் பிரச்சினையைத் தீர்க்காமல் ஒரு தரப்பை உள்ளே எடுத்து, அதன் கையில் மறுப்புரிமையையும் கொடுத்தது ஐரோப்பா செய்த பெரிய தவறு என்றே நான் நினைக்கிறேன். தரப்பில் ஒன்று நீதிபதியாகவும் உட்கார்ந்துவிட்டால் வழக்கு நகராது.

துருக்கியின் பக்கமும் பிடிவாதம் குறைவில்லை. சுங்க ஒன்றியத்தைப் புதிய உறுப்பினர்களுக்கும் விரிவாக்குகிறோம் என்று 2005 ஜூலையில் கையெழுத்து போட்டுவிட்டு, சைப்ரஸ் கொடி கட்டிய கப்பலைத் தன் துறைமுகத்துக்குள் விடமாட்டேன் என்றது. 2006 டிசம்பரில் ஒன்றியம் எட்டு அத்தியாயங்களை முடக்கியது. 2007-இல் பிரான்ஸின் அன்றைய அதிபர் நிக்கோலா சர்கோசி, துருக்கிக்கு முழு உறுப்பினர் தகுதியே தேவையில்லை என்று சொல்லி மேலும் சிலவற்றைத் தடுத்தார். 2009-இல் சைப்ரஸ் தனியாக ஆறு அத்தியாயங்களுக்கு முட்டுக்கட்டை போட்டது.

அந்த ஆறில் 23, 24 என்ற எண்ணுள்ள இரண்டு அத்தியாயங்கள் உண்டு. 23-ஆவது நீதித்துறை, அடிப்படை உரிமைகள் பற்றியது. 24-ஆவது நீதி, சுதந்திரம், பாதுகாப்பு பற்றியது. நீதிபதிகளை யார் நியமிப்பது, பத்திரிகையாளரை எப்போது கைது செய்யலாம், காவல்துறை யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் இவற்றில் வரும். துருக்கியின் நீதிமன்றங்கள் கெட்டுப்போய்விட்டன என்று ஐரோப்பா பதினைந்து ஆண்டுகளாகப் புகார் சொல்கிறது. அந்தப் புகாரை மேசையில் வைத்துப் பேசுவதற்கென்றே உள்ள இரண்டு அத்தியாயங்களும் ஒருநாள்கூடத் திறக்கப்படவில்லை. குரோஷியாவின் நீதித்துறையை மாற்றியதில் 23-ஆவது அத்தியாயத்துக்குப் பெரிய பங்கு இருந்தது. துருக்கிக்கு அந்த மருந்து எழுதப்படவே இல்லை.

சரி, இதனால்தான் துருக்கி சரிந்தது என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. சரிவின் பொறுப்பு முதலில் துருக்கியை ஆள்பவர்களுடையது. 2013-இல் இஸ்தான்புல்லின் கெஸி பூங்காவைக் காக்கக் கூடியவர்கள் மீது கண்ணீர்ப்புகை பாய்ந்தது. 2016 ஜூலை 15 அன்று ராணுவத்தின் ஒரு பிரிவு ஆட்சியைப் பிடிக்க முயன்று தோற்றது. அந்த இரவு மக்கள் தெருவில் இறங்கி டாங்கிகளை மறித்தார்கள். அது மெய்யான வீரம். ஆனால் அதற்குப் பின் வந்த நெருக்கடி நிலையில் லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்கள் அவசர ஆணைகளால் வேலையிழந்தார்கள். நீதிபதிகள், ஆசிரியர்கள், பேராசிரியர்கள் எல்லோரும் அதில் உண்டு. 2017 ஏப்ரலில் அரசியலமைப்பை மாற்ற நடந்த பொது வாக்கெடுப்பில் 51 சதவீதச் சொச்ச வாக்குடன் அதிகாரம் முழுவதும் அதிபர் எர்டோகன் கைக்குப் போனது.

கெஸி போராட்டத்துக்குப் பின்னால் இருந்து ஆட்சியைக் கவிழ்க்கப் பார்த்தார் என்று தொழிலதிபரும் கலை ஆர்வலருமான ஒஸ்மான் கவாலாவை 2017 அக்டோபரில் கைது செய்தார்கள். அவரை விடுவிக்க வேண்டும் என்று ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம் 2019 டிசம்பரில் தீர்ப்பளித்தது. 2022 ஏப்ரலில் துருக்கி நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. தீர்ப்பை மதிக்கவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் ஸ்ட்ராஸ்பர்க் மறுபடியும் சொன்னது. 2021-இல், பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்கும் ஐரோப்பிய உடன்படிக்கையிலிருந்து துருக்கி விலகியது. அந்த உடன்படிக்கைக்கு இஸ்தான்புல்லின் பெயர்தான் வைத்திருந்தார்கள், அங்கேதான் கையெழுத்தானது. 2025 மார்ச் 19 அன்று இஸ்தான்புல் மேயர் எக்ரெம் இமாமோக்லு கைதானார். எர்டோகனை எதிர்த்து நிற்க வாய்ப்புள்ளவர் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த ஆள் அவர்.

முடிப்பது என்றால் என்ன

இங்கே இரண்டு செயல்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, பேச்சுவார்த்தையை முறைப்படி இடைநிறுத்துவது. இன்னொன்று, வேட்பாளர் தகுதியையே எடுத்துவிடுவது.

இடைநிறுத்துவதற்கு 2005 வாசகத்திலேயே வழி உண்டு. ஜனநாயகத்தையும் உரிமைகளையும் ஒரு நாடு கடுமையாகவும் தொடர்ந்தும் மீறினால், ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் தானாகவோ, மூன்றில் ஒரு பங்கு உறுப்பு நாடுகள் கேட்டுக்கொண்டாலோ, இடைநிறுத்தப் பரிந்துரைக்கலாம். துருக்கியின் பதிலைக் கேட்ட பிறகு அமைச்சர்கள் வாக்களிப்பார்கள். எல்லோரும் ஒப்ப வேண்டியதில்லை. 55 சதவீத நாடுகள், அவற்றில் ஒன்றிய மக்கள்தொகையின் 65 சதவீதம் இருந்தால் போதும். வேட்பாளர் தகுதியைப் பறிப்பதற்கோ இப்படித் தெளிவான விதி எதுவும் எழுதி வைக்கப்படவில்லை. ஒன்றியம் இதுவரை எந்த வேட்பாளரையும் அப்படி வெளியே அனுப்பியதில்லை. போனவர்கள் தாங்களாகப் போனவர்கள்: ஐஸ்லாந்து 2009-இல் விண்ணப்பித்து, ஆட்சி மாறியதும் 2015-இல் தன்னை வேட்பாளராகக் கருத வேண்டாம் என்று கடிதம் எழுதியது. சுவிட்சர்லாந்து 1992-இல் கொடுத்துத் தூங்கவிட்ட விண்ணப்பத்தை 2016-இல் திரும்பப் பெற்றது.

ஐரோப்பிய நாடாளுமன்றம் 2016 நவம்பரில் 479-க்கு 37 என்ற வாக்கில் பேச்சுவார்த்தையைத் தற்காலிகமாக நிறுத்தச் சொன்னது. 2019 மார்ச்சில் முறைப்படி இடைநிறுத்தச் சொன்னது. அதன் தீர்மானம் அரசுகளைக் கட்டுப்படுத்தாது. அரசுகள் நகரவில்லை. நகராததற்குப் பெரிய காரணம் கொள்கை அல்ல, அகதிகள். 2016 மார்ச்சில் ஒன்றியமும் துருக்கியும் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, கிரேக்கத் தீவுகளுக்குப் படகில் போகிறவர்களைத் துருக்கி தடுக்க வேண்டும். பதிலுக்கு அகதிகளுக்கான உதவியாக 600 கோடி யூரோ. ஒரு கட்டத்தில் 36 லட்சம் சிரிய மக்கள் துருக்கியில் தங்கியிருந்தார்கள். கோபித்துக்கொண்டு துருக்கி எல்லையைத் திறந்துவிட்டால் என்னாகும் என்ற பயம் பல தலைநகரங்களில் இருந்தது.

முடித்துவிட்டால் பணமும் வணிகமும் என்னவாகும் என்று பலர் கேட்கிறார்கள். பெரிதாக ஒன்றும் ஆகாது. சுங்க ஒன்றியம் 1963 ஒப்பந்தத்தின் மேல் நிற்கிறது, வேட்பாளர் தகுதியின் மேல் அல்ல. துருக்கியின் தொழிற்சாலைப் பொருள்கள் ஐரோப்பாவுக்குள் வரியில்லாமல் போவது தொடரும். ஐரோப்பிய ஆடைச் சந்தையில் துருக்கியோடு போட்டியிடும் திருப்பூர் ஏற்றுமதியாளர்களுக்கு அந்தச் சலுகையின் கனம் நன்றாகத் தெரியும். இரு தரப்பின் சரக்கு வணிகம் ஆண்டுக்கு 20,000 கோடி யூரோவைத் தாண்டிவிட்டது. அகதிகளுக்கான உதவியும் தனிக் கணக்கு. வேட்பாளர்களுக்குத் தரும் ஆயத்த நிதி மட்டும் நிற்கும். அதையும் ஏற்கெனவே குறைத்துவிட்டார்கள்.

முடித்துவிடலாம் என்பவர்களின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. கவாலா சிறையில் இருக்க, ஸ்ட்ராஸ்பர்க் தீர்ப்பு குப்பையில் கிடக்க, அந்த அரசை நாளைய உறுப்பினர் என்று அழைப்பது விதிகளையே கேலிக்கூத்தாக்குகிறது என்கிறார்கள். போர் நடுவிலும் சட்டங்களைத் திருத்திக்கொண்டிருக்கும் உக்ரைனும், அதன் அண்டை வேட்பாளர் நாடான மால்டோவாவும் இதைப் பார்த்து என்ன நினைக்கும் என்றும் கேட்கிறார்கள். வணிகம், பாதுகாப்பு, அகதிகள் என்று பேச வேண்டியதை வெளிப்படையாகப் பேசலாமே, எதற்கு இந்தப் பாசாங்கு?

எனக்கு இந்த வாதம் வலுவானதாகப் பட்டாலும் முடிவு சரியென்று தோன்றவில்லை. காரணம் மூன்று இடங்களில் இருக்கிறது.

முதலாவது, தண்டனை யாருக்குப் போய்ச் சேரும் என்பது. வேட்பாளர் தகுதி போனால் எர்டோகனுக்கு என்ன நஷ்டம்? சுங்க ஒன்றியம் அப்படியே இருக்கிறது. நேட்டோ இருக்கிறது. ஐரோப்பா நம்மை என்றுமே ஏற்கப்போவதில்லை என்று அவர் மேடைதோறும் சொல்லிவந்தது உறுதியாகிவிடும். 2023 செப்டம்பரில், தேவைப்பட்டால் ஒன்றியத்துடன் பாதை பிரியலாம் என்று அவரே சொன்னார். இழப்பு முழுவதும் மறுபக்கத்துக்கு. 2024 மார்ச் உள்ளாட்சித் தேர்தலில் 37 சதவீதத்துக்கும் மேல் வாக்களித்து எதிர்க்கட்சியை முதலிடத்துக்குக் கொண்டுவந்தவர்களுக்கு, நீதிமன்றத்தில் ஐரோப்பியத் தரத்தைச் சுட்டி வாதாடும் வழக்கறிஞர்களுக்கு, விசாவுக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும் மாணவர்களுக்கு.

இரண்டாவது, பலவீனமாகிவிட்டாலும் வேட்பாளர் தகுதி என்ற கயிறு இன்னும் அறுந்துவிடவில்லை. 2016 புரட்சி முயற்சிக்குப் பின் கூட்டங்களில் மரண தண்டனை வேண்டும் என்ற முழக்கம் எழுந்தது. நாடாளுமன்றம் நிறைவேற்றினால் கையெழுத்துப் போடுவேன் என்று எர்டோகன் திரும்பத் திரும்பச் சொன்னார். அது வந்த அன்றே உறுப்பினர் பேச்சு முடிந்தது என்று ஐரோப்பியத் தலைவர்கள் பகிரங்கமாகச் சொன்னார்கள். இன்றுவரை அது திரும்ப வரவில்லை. இதற்கு வேட்பாளர் தகுதி ஒன்றே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஸ்ட்ராஸ்பர்க் உடன்படிக்கைகளும் குறுக்கே நின்றன. ஆனாலும், ஏற்கெனவே முடித்துவிட்ட ஒன்றைக் காட்டி, முடித்துவிடுவோம் என்று மிரட்ட முடியாது.

மூன்றாவதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. மூடுவதும் திறப்பதும் ஒரே எடையுள்ள செயல்கள் அல்ல. நிறுத்த பெரும்பான்மை போதும். போன தகுதியைத் திரும்பப் பெற 27 நாடுகளும் ஒருமிக்க வேண்டும். சைப்ரஸ் ஒப்ப வேண்டும், கிரீஸ் ஒப்ப வேண்டும், ஆஸ்திரியா ஒப்ப வேண்டும். புதிய நாடு சேர்வதை வாக்கெடுப்புக்கு விடும் வழியை 2005-இல் தன் அரசியலமைப்பிலேயே எழுதிக்கொண்ட பிரான்ஸும் ஒப்ப வேண்டும். துருக்கி உள்ளே வந்தால் எட்டரைக் கோடி மக்களோடு ஒன்றியத்தின் மிகப்பெரிய நாடாக இருக்கும். அமைச்சர்கள் மன்றத்தில் மக்கள்தொகையும் வாக்குப் பலம் என்பதால், மறுமுறை அந்த ஒருமித்த சம்மதம் கிடைக்கும் என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. நாளை அங்காராவில் ஆட்சி மாறி, சிறைக் கதவுகளைத் திறக்கத் துணிந்த ஓர் அரசு வந்தால், அதன் கையில் மக்களிடம் காட்டுவதற்கு ஒன்றுமே இருக்காது.

ஜார்ஜியாவில் என்ன நடந்தது என்பதையும் பாருங்கள். 2024 நவம்பர் 28 அன்று அந்நாட்டுப் பிரதமர், 2028 முடியும் வரை சேர்க்கைப் பேச்சுவார்த்தையை எடுக்கப்போவதில்லை என்று அறிவித்தார். அன்றிரவே தலைநகர் டிபிலிசியில் மக்கள் நாடாளுமன்றத்தின் முன் திரண்டார்கள். தண்ணீர் பீரங்கிகளையும் அடிகளையும் தாங்கிக்கொண்டு இரவுக்கு இரவு வந்தார்கள். வேட்பாளர் தகுதி அரசின் சொத்து அல்ல, தங்களுடையது என்று அந்த மக்கள் எண்ணினார்கள். துருக்கியிலும் அப்படி எண்ணுகிறவர்கள் உண்டு. அரசின் மேல் உள்ள கோபத்தை அவர்கள் தலையில் இறக்குவது நியாயமில்லை.

அதற்காக இப்படியே வைத்திருப்பதும் எனக்கு உவப்பில்லை. செய்யக்கூடியவை கண்ணெதிரே இருக்கின்றன. 1995-இல் எழுதிய சுங்க ஒன்றியம் விவசாயத்தையும் சேவைகளையும் தொடவில்லை. ஒன்றியம் வேறொரு நாட்டோடு வணிக ஒப்பந்தம் போட்டால் அந்த நாட்டுப் பொருள் துருக்கிக்குள் எளிதாக வந்துவிடும், துருக்கிப் பொருளுக்கு அங்கே அதே சலுகை கிடைக்காது. இதைச் சரிசெய்ய வேண்டும் என்று துருக்கித் தொழிலதிபர்கள் பல்லாண்டாகக் கேட்கிறார்கள். எர்டோகன் அரசுக்கும் இது வேண்டும். நிபந்தனை வைக்க வேண்டிய இடம் இதுதான்: ஸ்ட்ராஸ்பர்க் தீர்ப்புகளை நிறைவேற்று, சுங்க ஒன்றியத்தைப் புதுப்பிக்கிறோம் என்று சொல்லலாம். விசா தளர்வுக்கு வைத்த 72 நிபந்தனைகளில் ஆறுதான் பாக்கி. யாரையும் பயங்கரவாதி ஆக்கிவிடக்கூடிய சட்டத்தைத் திருத்துவது அந்த ஆறில் ஒன்று. சாதாரண மக்களுக்கு நேரடியாகப் பலன் தரும் பேரம் இது.

அப்புறம் அந்த 23-உம் 24-உம். அவற்றைத் திறப்பது துருக்கிக்குத் தரும் பரிசு என்றே பலர் நினைக்கிறார்கள். நீதிமன்றத்தைப் பற்றி எழுத்தில் கேள்வி கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி, ஒவ்வொரு நிபந்தனையாகச் சரிபார்ப்பதில் பரிசு எங்கே இருக்கிறது? சாவி சைப்ரஸிடம் இருக்கிறது. 2025 அக்டோபரில் வடக்கு சைப்ரஸில் நடந்த தேர்தலில், தனி நாடு என்ற நிலைப்பாட்டைத் தோற்கடித்து, கூட்டாட்சித் தீர்வை ஆதரிக்கும் டுஃபான் எர்ஹுர்மன் வென்றார். துறைமுகங்களை அங்காரா திறந்தால், இந்த இரண்டு அத்தியாயங்களின் மேல் போட்ட தடையை நிக்கோசியாவில் உள்ள சைப்ரஸ் அரசு எடுக்கலாம். 2006-இல் ஒன்றியம் எட்டு அத்தியாயங்களைப் பூட்டியதும் இதே துறைமுகக் கணக்கில்தான்.